கூடுதலாகச் சேர்த்த ஒரு விநாடி

போன மாதம் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று ஆக்லாந்தில் என் வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பூமியின் இழுப்பை அளக்கும் புதிய ஈர்ப்புமானி வந்திருந்தது, அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய கருவி இப்போது டிபன் கேரியர் அளவுக்கு வந்துவிட்டது. ஆளில்லாத சிறு விமானத்தில் வைத்து அனுப்பினால் அண்டார்டிகாவின் மேல் கோடு கோடாகப் பறந்து, அளந்து, தானே திரும்பி வந்துவிடுமாம்.

அப்படியானால் இனி மனிதர் யாரும் போக வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதில் என் வயிற்றில் பால் வார்த்தது. நான் போகாத இடத்துக்கு இனி யாரும் போகப் போவதில்லை.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அலுவலக இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, "பனி மேல் முதன்முதலாக நின்றபோது எப்படி இருந்தது?" என்றாள். நான் அண்டார்டிகா போனதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ரொம்பக் குளிர்" என்றேன்.

அவள் கேட்டது பனியைப் பற்றி. எனக்கு எழுதத் தெரிந்தது பொறாமையைப் பற்றித்தான். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இயற்பியல், ஹைதராபாத்தில் புவி இயற்பியல், பிறகு வேலைத் திறனுக்கான குடியேற்ற விசாவில் நியூசிலாந்து, ஆக்லாந்து. படிப்புக் கதை அவ்வளவுதான். பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. அடியில் கனமான பாறை இருந்தால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், பனி நிரம்பிய பள்ளம் இருந்தால் கொஞ்சம் குறைவாக. எவ்வளவு கொஞ்சம் என்றால், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் ஒரே ஒரு அரிசியைப் போட்டால் கூடுகிற எடை. அந்த ஓர் அரிசியைப் பறக்கும் விமானத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

விமானமோ சும்மா இருக்காது, ஏறும், இறங்கும், குலுங்கும். லிஃப்ட் கிளம்பும்போது உடம்பு கனக்கிறதே, அதுபோல அந்தக் குலுக்கமும் கருவியில் எடையாகவே பதியும். அதனால் செயற்கைக்கோள் உதவியோடு விமானம் எந்த விநாடியில் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதைத் தனியாகப் பதிந்து, அதைக் கழிப்போம். கழித்தது போக மிஞ்சுவதுதான் பூமியின் இழுப்பு. ஈர்ப்புமானியின் கடிகாரம், செயற்கைக்கோள் பதிவின் கடிகாரம் இரண்டும் பொருந்தி இருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். ஒரு விநாடி தள்ளிப்போனாலும் இல்லாத குலுக்கத்தைக் கழித்து, இருக்கிற குலுக்கத்தை விட்டுவிடுவோம். இந்தக் கழித்தல் கணக்கைத்தான் இருபத்து நான்கு வருடம் ஆக்லாந்தில் ஒரு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து செய்தேன்.

எங்கள் மேலாளர் ஹெலன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். குளிர்காலம் கோடைக்காலம் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை ஸ்வெட்டர். யாரையும் பார்த்து "தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தாளைப் பார்ப்பார், "இது எனக்குப் புரியவில்லை" என்பார், நாற்காலியை இழுத்து நம் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நம் தப்பை நாமே கண்டுபிடித்துவிடுவோம். நான் பயந்த ஒரே சத்தம் அந்த நாற்காலி இழுபடும் சத்தம்தான்.

அவருடைய விதிகள் இரண்டு. கையால் மாற்றும் எந்த எண்ணையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும்: ஒருவர் வாசிக்க, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது என்பது இரண்டாவது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் தப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுதி, பெயரின் முதலெழுத்து, தேதி, நேரம் போட வேண்டும். பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்ததற்காகவே ஒருவரை முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைத்தார்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் பனிக்கு (அண்டார்டிகாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போகும் குழுவில் என் பெயர் வந்தது. மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல் என்றார்கள். அங்கே வலி வந்தால் விமானம் வந்து தூக்கிப் போகப் பல நாள் ஆகலாம், அதனால் அனுமதி இல்லை. மூன்று கிலோமீட்டர் பனிக்கு அடியில் இருக்கும் மலையையே கண்டுபிடிக்கிற என்னை ஒரு மிளகு அளவுக் கல் நிறுத்திவிட்டது. அந்தக் கல் போனது. அடுத்தது வந்தது. ஒவ்வொரு வருடமும் நான் பார்லித் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போவேன், ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கும்.

என் இடத்தில் போனவர் கௌரி.

கௌரி யாழ்ப்பாணத்துக்காரர். பதினாறு வயதில் அம்மாவோடு அகதியாக இங்கே வந்து, மங்கரே விமான நிலையத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். எங்கள் கருவிகளைப் பெட்டி கட்டுவதற்குத்தான் முதலில் வந்தார். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எது ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். ஹெலன் அதைக் கவனித்தார். இரண்டே வருடத்தில் கௌரி விமானத்தில் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், முனைவர் பட்டம் கிடையாது, சிறுநீரகத்தில் கல்லும் கிடையாது.

பிப்ரவரியில் அவர் திரும்பி வரும்போது முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கும். உதடு வெடித்திருக்கும். எனக்கு அந்த வெடித்த உதட்டின் மேல்கூடப் பொறாமை. டீ அறை ஃபிரிட்ஜில் அவர் படங்களை ஒட்டுவார்கள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கறுப்பு டீக்கு மாறினேன். ஆனால் மதியச் சாப்பாட்டில் அவரை விடமாட்டேன். ஓடுதளத்தில் விமானத்தை நிறுத்தும் இடத்துக்கு என்ன அடையாளம், பறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கருவியை அசையாமல் வைத்து அளக்கும்போது யாரெல்லாம் வெளியே நிற்பார்கள், திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி அளக்கும்போது பனி எந்த நிறத்தில் இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்பேன்.

"மூங்கில் தடியில சிவப்புக் கொடி கட்டியிருக்கும் அண்ணை. அதுக்கு நேரா மூக்கை வச்சு நிப்பாட்டுவினம். காத்து நிண்டா உங்கட இதயம் அடிக்கிறது உங்களுக்கே கேக்கும்."

"நிஜமாவா?"

"ஓம் அண்ணை. நீங்களும் ஒருக்கா வந்து பாக்கோணும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது குத்திக்காட்டுவது போலக் கேட்டது. வீட்டில் போய்ப் புலம்பினால் என் மனைவி, "அந்தப் பொண்ணு போனா உங்களுக்கு என்னங்க குறைஞ்சுது?" என்பாள்.

இனி அந்த வருடம். சுமார் பத்து வருடத்துக்கு முன்னால். அடுத்த பருவத்தில் துருவத்தை ஒட்டிய மேட்டு நிலத்தை அளக்கப் போகும் பெரிய குழுவுக்குக் கௌரியைத் தலைவராகப் போடுவதாக ஹெலன் முடிவு செய்திருந்தார். அறிவிப்பு அடுத்த செப்டம்பரில் வரும். ஆனால் எல்லாருக்கும் தெரியும். கௌரியின் அம்மா அவர்கள் வீடு இருக்கும் கிளென் ஈடனில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த டிசம்பர் கடைசியில் உலகக் கடிகாரத்தில் ஒரு விநாடியைக் கூட்டினார்கள். பூமி சுற்றுவதில் கொஞ்சம் சுணங்குவதால் எப்போதாவது அப்படிக் கூட்டுவது வழக்கம். நியூசிலாந்தில் அந்த விநாடி புத்தாண்டு அன்று மதியம் ஒரு மணிக்கு வந்தது. எங்கள் வேலையில் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கௌரி பனியில் இருந்தார். நான் இங்கே தரவுகளை வாங்கிக் கணித்துக்கொண்டிருந்தேன்.

புத்தாண்டுக்குப் பிறகு வந்த விமானப் பாதைகளின் அளவுகள் கெட்டிருந்தன. ஒன்றையொன்று வெட்டிப் போகும் இரண்டு பாதைகளில், வெட்டும் இடத்தில் இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும். டிசம்பர் வரை அழகாக வந்தது. ஜனவரியில் ஒன்றும் ஒட்டவில்லை. கோடுகள் பல்லிளித்தன.

தரவுகளோடு வந்திருந்த கௌரியின் பதிவேட்டுப் பிரதியைப் புரட்டினேன். புத்தாண்டுக்கு மூன்றாம் நாள் காலை ஜெனரேட்டர் நின்றிருக்கிறது. விமானத்து பேட்டரிக்கு மாற்றுவதற்குள் கருவிக்குப் பதினொரு நிமிடம் மின்சாரம் இல்லை. கருவியின் உள்ளே இருக்கும் சுருள்வில் எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பதினொரு நிமிடத்தை ஒளிக்காமல் எழுதியிருந்தார். மறுபடி ஒரு மணி நேரம் தரையில் வைத்து அளந்ததாகவும், பழைய எண்ணோடு ஒத்துப்போவதாகவும் கீழேயே எழுதியிருந்தார்.

நான் மேலே இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். நின்றால் சரியாகக் காட்டும் கருவி பறக்கும்போது தடுமாறலாம் என்று அறிக்கை எழுதினேன். "கருவியைக் கையாண்டதில் தவறு" என்று ஒரு வாக்கியம். பதின்மூன்று வருடமாக அந்த வாக்கியத்தை எழுதத்தான் காத்திருந்தேனோ என்னவோ.

ஹெலன் அறிக்கையைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"மின்சாரம் போனது மூன்றாம் நாள். இரண்டாம் நாள் பறந்த பாதையும் கெட்டிருக்கிறதே?"

"அன்று காற்று மோசம்" என்றேன்.

"வானிலைக் குறிப்பைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

நான் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் ஹெலனிடம் நேருக்கு நேர் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பினார். பதினாறு பாதைகளைக் கழிவு என்று ஒதுக்கினோம். கௌரி திரும்பி வந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தார்.

"நான் பேட்டரியை முதலே கொளுவி வச்சிருக்கோணும் அண்ணை. என்ர பிழைதான்."

"பரவாயில்லைங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, வெளியே மழை. வேறொரு வேலைக்காக இரண்டு கடிகாரங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சிறு சோதனை ஒன்றை எழுதி, கைக்குக் கிடைத்த ஜனவரிப் பாதை ஒன்றில் ஓட்டினேன். உண்மையில் எந்தப் பாதை கெட்டாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை அது. காரணம் முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் ஜனவரியில் நான் அதைச் செய்யவே இல்லை. ஒரு விநாடி தள்ளியிருக்கிறது என்று வந்தது. ஒரு விநாடியை நகர்த்தினேன். பல்லிளித்துக்கொண்டிருந்த கோடு அடங்கிப் படுத்தது. அடுத்ததும் படுத்தது. பதினாறும் படுத்தன. பனிக்கு அடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று, யாரும் அதுவரை பார்த்திராதது, என் திரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரிந்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போகும் முன்பே, வரப்போகும் விநாடியை என் கணினி நிரலில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் வந்து அதை மறந்து கையாலும் ஒரு தடவை கூட்டியிருக்கிறேன். குழம்பில் உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுவது போல. கையால் மாற்றும் எண்ணை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்குத் திருப்பிச் சொல்லும் ஆள் எப்போதும் கௌரிதான். அவர் பனியில் இருந்தார், நான் தனியாக மாற்றிவிட்டேன். இரண்டாம் நாள் வானிலைக் குறிப்பை அன்றுதான் எடுத்துப் பார்த்தேன். கௌரியின் கையெழுத்தில், "காற்று இல்லை. கண்ணாடி மாதிரிப் பறந்தோம்."

அது ஆகஸ்ட். அறிவிப்புக்கு நான்கு வாரம் இருந்தது. ஹெலனின் அறை என் மேஜையிலிருந்து இருபது அடி. ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்பேன், டீ போடப் போய்விடுவேன். சொன்னால் என் பெயர் கெடும் என்று பயந்தேன் என்று எழுதினால் பாதி உண்மைதான். சொன்னால் கௌரி தலைவராகப் பனிக்குப் போய்விடுவார். மீதிப் பாதி அது.

செப்டம்பரில் வேறொருவரைத் தலைவராக அறிவித்தார்கள். கௌரிக்கு ஆக்லாந்தில் கருவிகளைச் சோதிக்கும் வேலை. அன்று மாலை பஸ்ஸில் எனக்கு மனசு லேசாக இருந்தது. இனி இரண்டு பேரும் சமம் என்று நினைத்தேன்.

அக்டோபரில்தான் ஹெலனிடம் போய், நேரத்தில் ஒரு திருத்தம் செய்தேன், பதினாறு பாதைகளும் தேறிவிட்டன என்றேன்.

"எவ்வளவு திருத்தம்?"

"ஒரு விநாடி."

"யாருடைய விநாடி?"

"கருவிக்கும் நிரலுக்கும் நடுவே ஏதோ பிசகு" என்றேன்.

ஹெலன் கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தார். "இது எனக்குப் புரியவில்லை" என்றார். நான் நாற்காலிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். டிசம்பரில் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் பனியில் போய் அளக்கும் பகுதியை மட்டும் வெளியே வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கௌரி அதன் பிறகு பனியை மிதிக்கவே இல்லை. மருத்துவமனை ஒன்றில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனார்.

போகும் முன் ஒரு டப்பா நிறைய உளுந்து வடை கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "நான் பழுதாக்கினதை நீங்கள்தான் காப்பாத்தினனீங்கள் அண்ணை" என்றார். நான்கு வடை சாப்பிட்டேன்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. இங்கே தமிழ்ச் சங்கத்தில் என் பெயர் "அண்டார்டிகா அங்கிள்". யாரோ ஆரம்பித்தார்கள், நான் திருத்தவில்லை. இந்த வருடம் பொங்கல் விழாவில் பள்ளிக்கூட மண்டபத்தில் என்னை மேடையேற்றினார்கள். ஒரு சின்னப் பெண் ஆங்கிலத்தில், அங்கே எப்படிச் சத்தம் கேட்கும் என்று கேட்டாள். காற்று நின்றால் உன் இதயம் துடிப்பது உனக்கே கேட்கும் என்றேன். கைதட்டினார்கள். ஐந்தாவது வரிசையில் கௌரி உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

புதிய கருவியைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இனி யாரும் போகப் போவதில்லை என்றால் கௌரியின் அந்த வாய்ப்பு கடைசியாகவே போய்விட்டது என்று பொருள். சனிக்கிழமை ரயில் ஏறி கிளென் ஈடன் போனேன். கௌரி கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, சொல்லாமல் கொள்ளாமல்" என்று உட்கார வைத்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவை கூட்டிய விநாடியைச் சொன்னேன். பார்க்காத வானிலைக் குறிப்பையும் சொன்னேன்.

கௌரி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பத்து வருசமா அந்தப் பதினொரு நிமிசத்தை நான் நினைக்காத நாள் இல்லை" என்றார். பிறகு, "எந்த மாதம் கண்டுபிடிச்சனீங்கள்?"

அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று ரயில் முழுக்க வேண்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆகஸ்ட்."

"செப்டம்பரிலதானே ஆக்களைத் தெரிவு செய்தவை."

"ஆமா."

"ஏன் அண்ணை?"

"பொறாமைங்க. வேற ஒண்ணும் இல்லை. நீங்க போறது எனக்குத் தாங்கலை."

அவர் எழுந்து உள்ளே போனார். பக்கத்து அறையில் அலமாரியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அந்தப் பருவத்தின் அறிக்கை, அவருக்குக் கொடுத்த பிரதி. பக்கங்களைத் தள்ளும்போது நடுவில் ஒரு படம் விழுந்தது. வெள்ளையில் ஒரு சிவப்புக் கொடி, அதன் கீழே படம் எடுத்தவரின் நீண்ட நிழல். அந்த நேரத்திலும், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும், அந்த நிழல் என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

கௌரி படத்தை எடுத்து வைத்துவிட்டு, என் வாக்கியம் இருந்த பக்கத்தை என் முன்னால் விரித்து, பேனாவை வைத்தார்.

"வெட்டுங்கோ. ஹெலன் சொல்லித் தந்த மாதிரி. பிறகு இதைப் படம் எடுத்து ஹெலனுக்கும் ஒஃபிசுக்கும் நீங்களே அனுப்போணும்."

ஒரே ஒரு கோடு போட்டேன். "கருவியைக் கையாண்டதில் தவறு" என்பது அடியில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே, கணித்தவரின் தவறு, ஒரு விநாடி இரண்டு தடவை கூட்டப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். முதலெழுத்தும் தேதியும் போட்டு, பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பினேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"நேரம்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று நாற்பது என்று எழுதினேன்.

"செக்கனும் போடுங்கோ அண்ணை" என்றார்.

அந்தக் கடிகாரத்தில் விநாடி முள் இல்லை. பையிலிருந்து போனை எடுத்து, பார்த்து, எழுதினேன்.